'கழுத்து வலிக்குது... மனசும் ஒட்டலைங்க!'

"எங்கள் தோட்டத்தில் ஒன்றரை ஏக்கர் மஞ்சள் இருக்கிறது. ஐந்து மாதப் பயிர். இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் காய்ந்து வருகின்றன. என்ன மருந்து அடிக்கலாம்? இன்னொரு விஷயம். என் கணவருக்கு எட்டு மாதமாகக் கழுத்து வலி. படம் எடுத்துப் பார்த்து எலும்புத் தேய்மானம் என்றார்கள். மாத்திரை சாப்பிட்டும் கேட்கவில்லை. இப்போது தோட்டத்துக்கே போவதில்லை. யாரிடமும் பேசுவதும் இல்லை. 'சோம்பேறி ஆகிட்டான்' என்று வீட்டுப் பெரியவர்கள் திட்டுகிறார்கள். வயது 41 தான் ஆகிறது. இதை உங்களிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை."
- ஈரோடு மாவட்ட வாசகி ஒருவர்

மஞ்சளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இலை காய்வதை மட்டும் வைத்து மருந்து சொல்லக் கூடாது. பாதித்த தூர் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். தண்டின் அடிப்பகுதி நீர் கோத்து மெத்தென்று இருக்கிறதா, கிழங்கை அழுத்தினால் கொழகொழவென்று நசுங்குகிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் அது கிழங்கு அழுகல். இலைக்கு என்ன அடித்தாலும் பலன் இருக்காது. தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கலந்து, தூரைச் சுற்றி மண் நனையும்படி ஊற்ற வேண்டும். சுற்றியிருக்கும் நல்ல தூர்களுக்கும் சேர்த்தே ஊற்றுங்கள்.

இரண்டாவது கேள்வி விவசாயக் கேள்வி இல்லை. நான் டாக்டரும் இல்லை. ஆனாலும் கடிதத்தில் இருந்த எண்ணில் அன்றைக்கே அந்தச் சகோதரியிடம் பேசினேன். எழுதுவதற்குத்தான் மூன்று வாரம் ஆகிவிட்டது. இந்தக் கேள்வியை ஏற்கெனவே ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அப்போது நான் பதில் சொல்லவில்லை. பிறகு என் கழுத்தே என்னிடம் அதே கேள்வியைக் கேட்டது. இரண்டையும் மறைக்காமல் சொன்னால் யாராவது ஒருவருக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

பாதிக் கேள்விக்குச் சொன்ன பதில்

பத்துப் பன்னிரண்டு வருடங்கள் இருக்கும். அப்போது நான் பார்த்துவந்த வட்டாரத்தில் முன்னோடி விவசாயி ஒருவர் இருந்தார். சொட்டுநீர் வந்த புதிதில் மற்றவர்கள் தயங்கியபோது முதல் ஆளாகப் போட்டவர். பண்ணைப் பள்ளி என்றாலும் மண் மாதிரி என்றாலும் முன்னால் நிற்பார். அந்த வருடம் மஞ்சள் விலை இறங்கிக் கிடந்தது. மானிய விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க அவருடைய தோட்டத்துக்குப் போயிருந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிடரியைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"கழுத்துல இருந்து தோள் வரைக்கும் கல்லு வெச்ச மாதிரி இருக்குதுங்க மேடம். ராத்திரியில தூக்கமே இல்லீங். எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குதுங்."

அவர் சொன்னது மூன்று விஷயம். நான் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டேன். ஸ்பிரேயரை முழுக்க நிரப்பாதீர்கள், பத்து லிட்டரோடு நிறுத்துங்கள், தோள்பட்டை வாரை அகலமாக மாற்றுங்கள் என்றேன். சொன்னதெல்லாம் சரியான யோசனைதான். மனசு ஒட்டவில்லை என்றதற்கு, "மஞ்சள் விலை ஏறட்டும்ண்ணா, எல்லாம் சரியாப்போகும்" என்று சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிட்டேன். அன்றைக்கு இன்னும் நான்கு தோட்டம் பார்க்க வேண்டியிருந்தது.

மூன்று வாரம் கழித்து, அவர் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டார் என்று தகவல் வந்தது. வீட்டுக்காரர்கள் உடனே தூக்கிக்கொண்டு ஓடியதால் ஆஸ்பத்திரி வரைக்கும் உயிர் இருந்தது. இரண்டாம் நாள் கண் விழித்துப் பேசினார் என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது அவர் மனைவி, "பொழச்சுட்டாருங்க, நாளைக்குச் சாதா வார்டுக்கு மாத்திருவாங்களாம்" என்று கைகூப்பினார்.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார். கை அசைந்தது, கண் அசைந்தது. ஆனால், தலை மட்டும் தலையணையை விட்டு எழும்பவில்லை. பக்கத்து நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் அதைக் கவனித்துவிட்டார். ஓடி வந்து, "தலையைத் தூக்குங்க... இன்னும் ஒரு தடவை தூக்குங்க" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். முடியவில்லை. உடனே டாக்டரைக் கூப்பிட்டார். அன்று மதியத்துக்குள் மூச்சு விடுவதற்கே சிரமமாகிவிட்டது. செயற்கைச் சுவாசக் கருவி வைத்தார்கள். பத்து நாள்களுக்கு மேல் அதில் இருந்துதான் பிழைத்து வந்தார்.

அந்தக் கழுத்து ஏன் எழவில்லை?

இதை நான் கல்லூரியிலேயே படித்திருக்கிறேன். ஆனால், பூச்சியை வைத்துப் படித்தேன். மனிதரை வைத்துப் படிக்கவில்லை.

நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பும்போது, நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சுரக்கிறது. தசை சுருங்குகிறது. வேலை முடிந்ததும் அந்த ரசாயனத்தை ஒரு நொதி வந்து துடைத்துவிடும். அப்போதுதான் தசை தளர்ந்து அடுத்த கட்டளைக்குத் தயாராகும். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் இந்த நொதியைத்தான் பூட்டிவிடுகின்றன. கட்டளை நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். பூச்சி துடித்து, பிறகு செயலிழந்து விழும். அதே நொதிதான் நம் உடம்பிலும் இருக்கிறது.

விஷம் ஏறியதும் எச்சில் வடிதல், வியர்வை, கண்பாவை சுருங்குதல் போன்றவை தெரியும். சிகிச்சையில் இவை அடங்கிய பிறகு, ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் சிலருக்கு இரண்டாவது ஆபத்து வருகிறது. கழுத்துத் தசை, தோள், இடுப்பையொட்டிய தசைகள், மூச்சுத் தசைகள் ஆகியவை பலமிழந்துவிடுகின்றன. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போவது இதன் தொடக்க அறிகுறி. இலங்கையில் பேராதனையைச் சேர்ந்த மருத்துவர்கள் நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் 1987-ல் இதைத் தனி நிலையாக விவரித்து எழுதினார்கள். அந்த நர்ஸுக்கு இது தெரிந்திருந்ததால் ஓர் உயிர் மிஞ்சியது.

மருந்தடிக்கும்போது மயங்கி விழுபவர்களுக்கும் இதைச் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏறியதும் "சரியாப்போச்சு" என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்துவிடாதீர்கள். டாக்டர் அனுப்பும் வரை அங்கேயே இருங்கள். எந்த மருந்து அடித்தார்கள் என்று காட்ட டப்பாவையோ லேபிளையோ கொண்டுபோங்கள்.

உடம்பு தேறிய பிறகு ஒருநாள் அவரைப் பார்க்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன். அவரே சொன்னார்: "அன்னைக்கே உங்ககிட்டச் சொன்னனுங்களே மேடம்." கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதை இன்றுவரைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

என் கழுத்தின் முறை

நான்கு வருடங்கள் கழித்து எனக்கு வந்தது. தினமும் அறுபது கிலோமீட்டர் ஸ்கூட்டர். போன இடத்தில் எல்லாம் குனிந்து செல்போனில் விவரம் ஏற்ற வேண்டும். சாயங்காலம் அலுவலகக் கணினி. பிடரியில் ஆரம்பித்த வலி, தோள்பட்டைக்கு இறங்கி, காலையில் எழும்போதே தலைவலியாக ஏறியது. தைலம் தேய்த்தேன். கழுத்துப் பட்டை போட்டேன். தலையணையை மாற்றினேன்.

நாம் நிமிர்ந்து நிற்கும்போது தலையின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோ. முன்னால் சாயச் சாயக் கழுத்தின் மேல் விழும் பாரம் கூடும். கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகுத்தண்டு மருத்துவர் 2014-ல் கணினி மாதிரி வைத்துக் கணக்கிட்டார். 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ பாரம் என்று கணக்கு வந்தது. களை எடுப்பவர், நாற்று நடுபவர், செல்போன் பார்ப்பவர் எல்லாருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். அதனால் என் வலிக்குக் காரணம் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆனால், வலியோடு வேறு சிலவும் சேர்ந்து வந்திருந்தன. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். பிறகு தூக்கம் வராது. வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். மாடியில் தொட்டியில் வைத்திருந்த ரோஜாக்கள் காய்ந்துபோயின. தண்ணீர் ஊற்ற மறந்துவிடவில்லை. ஊற்றத் தோன்றவில்லை. அழவில்லை, வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. அதனால் இதற்குப் பெயர் மனச்சோர்வு என்று எனக்கு எட்டவே இல்லை. "இந்த வயசுல நமக்கெல்லாம் இப்படித்தான் இருக்கும்" என்றார் உடன் வேலை பார்க்கும் பெண். நானும் அதை நம்பினேன்.

கண்டுபிடித்தது ஒரு பாட்டி. காய்கறி போட்டிருந்த அவர் தோட்டத்துக்கு மாதம் ஒருமுறையாவது போவேன். ஒருநாள் திரும்பும்போது கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏங் கண்ணு, நீ வந்தா காட்டுக்குள்ள எறங்கி எலையத் திருப்பித் திருப்பிப் பாப்ப. இப்பெல்லாம் வரப்புலயே நின்னுட்டுப் போயிர்ற. உம்பட மூஞ்சியில வெளிச்சமே இல்லையே, என்னாச்சு?"

ஸ்கூட்டரில் வரும் வழியெல்லாம் அந்த முன்னோடி விவசாயியின் முகம் வந்துகொண்டே இருந்தது. மறுநாளே அரசு மருத்துவமனைக்குப் போனேன்.

டாக்டர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், கையின் பிடிமானத்தைச் சோதித்தார். பிறகு கேட்டார்: "கடந்த ரெண்டு வாரத்துல, முன்னாடி பிடிச்சிருந்த விஷயங்கள்ல நாட்டமே இல்லாம இருந்திருக்கீங்களா? மனசு சோர்ந்து, நம்பிக்கையில்லாத மாதிரி இருக்கா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கழுத்து வலின்னு வந்தா மனசைப் பத்திக் கேக்கறீங்க. வலிக்கற மாதிரி நடிக்கிறேன்னு நினைக்கிறீங்களா?" என்றேன்.

"வலி நிஜம்தான்மா. ரெண்டும் நிஜம். ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தா ரெண்டுமே போகாது" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார்.

கழுத்தும் மனமும் பேசிக்கொள்ளும் வழி

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் தருகிறேன்.

பிடரியிலும் தோளிலும் இருக்கும் தசைகள் நாள் முழுக்கத் தலையைத் தாங்குகின்றன. ஓய்வில்லாமல் இறுகி நின்றால் வலிக்கும். அந்த வலிச் செய்தி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் போகிறது. வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி அது ஒருவழிப் பாதை என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் மூளையிலிருந்தும் தண்டுவடத்துக்கு ஓர் ஆள் இறங்கி வந்து மடையைத் திறப்பதும் அடைப்பதுமாக இருக்கிறார். எவ்வளவு வலிச் செய்தியை மேலே விடுவது என்பது அவர் கையில்தான் இருக்கிறது. மடையை அடைக்க அவர் பயன்படுத்தும் ரசாயனங்களில் முக்கியமானவை செரட்டோனினும் நார்அட்ரினலினும். நம் மனநிலையோடு தொடர்புடையவையும் இவைதாம். தூக்கம் கெட்டு, மனம் சோர்ந்து கிடக்கும்போது மடை சரியாக அடைபடுவதில்லை. சின்ன வலிகூடப் பெரிதாகத் தெரிகிறது.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. பயமும் கவலையும் வந்தால் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. நாய் துரத்தும்போது உடம்பை ஓடத் தயார்ப்படுத்துவது அதுதான். இதயம் வேகமாகத் துடிக்கும், பல் கடிபடும், தோள் மேலே ஏறி இறுகும். நாய் போய்விட்டால் உடம்பு தளர்ந்துவிடும். கடன் அப்படிப் போய்விடுவதில்லை. கூட்டுறவு வங்கித் தவணையைக் கணக்குப் போடும்போது உங்கள் தோள் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை கவனியுங்கள். காதுக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஆக, வலியால் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டதால் மனம் சோர்கிறது. மனம் சோர்ந்தவர் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறார். அசையாத தசை இன்னும் பலவீனமாகி இன்னும் வலிக்கிறது. செக்குமாடு மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கே தொடங்கியது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம், இரண்டு மூன்று இடங்களில் சேர்த்து நிறுத்தினால் சீக்கிரம் நிற்கும் என்றார்.

தேய்மானம் பற்றியும் கேட்டேன். வலியே இல்லாத நடுத்தர வயதுக்காரர்கள் பலருக்கும் படம் எடுத்தால் தேய்மானம் தெரியும். அதனால் "எலும்பு தேஞ்சுபோச்சு, இனி அவ்வளவுதான்" என்று முடிவுகட்ட வேண்டியதில்லை என்றார். அந்தச் சகோதரியின் கணவருக்கும் இதைத்தான் முதலில் சொல்லச் சொன்னேன்.

வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றுகிறது. கழுத்துத் தசையை அமுக்கி வேகஸ் நரம்பைத் தூண்டிவிட்டால் மனச்சோர்வே ஓடிவிடும் என்கிறார்கள். வேகஸ் நரம்பு கழுத்து வழியாகப் போவது உண்மை. மற்ற சிகிச்சைகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு அந்த நரம்பைத் தூண்டும் கருவியை அமெரிக்காவில் 2005-ல் அனுமதித்ததும் உண்மை. ஆனால், அது அறுவை செய்து மார்பில் பொருத்தும் கருவி. தைலம் தேய்ப்பது வேறு. அமுக்கிவிட்டால் இதமாக இருக்கும், தூக்கம்கூட வரும். அதையே மருந்தாக நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது.

எனக்கு இயன்முறைப் பயிற்சியும், தினமும் அரை மணி நேர நடையும், ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரை மனச்சோர்வுக்கானது என்று தெரிந்ததும் நான்காம் நாளே நிறுத்திவிட்டேன். 'எனக்கென்ன பைத்தியமா?' என்ற எண்ணம்தான் காரணம். படித்தவள் நானே இப்படிச் செய்தேன் என்பதால்தான் சொல்கிறேன். மறுபடி போனபோது, நாள்பட்ட வலிக்கும் இந்த வகை மாத்திரைகளில் சிலவற்றைக் கொடுப்பார்கள் என்றும், பலன் தெரிய சில வாரங்கள் ஆகும் என்றும், நாமாக நிறுத்தக் கூடாது என்றும் விளக்கினார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டேன். இரண்டு மாதம் ஆனது. வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால், ஒருநாள் அந்தப் பாட்டி தோட்டத்தில் கத்தரி இலையைத் திருப்பி அசுவினி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது வரப்பிலிருந்து இறங்கினேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்தில் செய்ய வேண்டியவை

ஸ்பிரேயர்: 16 லிட்டர் தண்ணீர் என்றாலே 16 கிலோ. கருவியோடு சேர்த்தால் 20 கிலோவைத் தாண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று டேங்க் சுமக்க வேண்டும். பத்து லிட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு வாரையும் போடுங்கள். ஒரு தோளில் மட்டும் மாட்டாதீர்கள். தரையிலிருந்து இழுத்துத் தூக்காமல், இடுப்பு உயரத் திட்டில் வைத்து மாட்டுங்கள். ஆள் மாற்றி ஆள் அடியுங்கள்.

தலைச்சுமை: புல்லுக்கட்டு, எருக்கூடை இரண்டையும் இரண்டு நடையாக்குங்கள். தள்ளுவண்டி இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுப் பெண்களின் கழுத்துக்கும் இது பொருந்தும். தண்ணீர்க் குடமும் சுமைதான்.

குனிந்த வேலை: களை எடுக்கும்போது அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தோளைப் பின்னால் சுழற்றுங்கள். செல்போனைக் கண் உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள்.

பயிற்சி: நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைக் குனியாமல் தாடையை மட்டும் நேர் பின்னால் இழுத்து ஐந்து விநாடி நிறுத்தி விடுங்கள். பத்து முறை. காலையும் மாலையும். கை மரத்துப்போனாலோ வலி கூடினாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நடக்க முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கூடவே கூடாதது: முடி வெட்டும் இடத்தில் கழுத்தைப் படக்கென்று திருப்பிச் சொடுக்கு எடுப்பது. கழுத்தெலும்புகளுக்குள் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. அதில் கிழிசல் விழுந்தால் பக்கவாதம் வரலாம்.

உடனே ஆஸ்பத்திரி போக வேண்டியவை: கை பலமிழப்பது, சட்டைப் பொத்தான் போட முடியாமல் போவது, நடை தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, மரத்திலிருந்து விழுந்த பிறகு வரும் வலி, நெஞ்சை அடைத்துக்கொண்டு தோளுக்கும் தாடைக்கும் ஏறும் வலி. வலி என்பது வேறு, பலம் போவது வேறு. பலம் போனால் ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

கேட்க வேண்டிய கேள்வி

டாக்டர் என்னிடம் கேட்ட இரண்டு கேள்விகளையும் வீட்டில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நாட்டம் இல்லாமையோ சோர்வோ இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாள்கள் இருந்தால் சிகிச்சை தேவை என்று பொருள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். தொலைபேசியில் பேச 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கிறது. தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104-லும் பேசலாம்.

"நான் இருந்து என்ன பிரயோசனம்" என்று ஒருவர் சொன்னால், பேச்சை மாற்றாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனதில் இருப்பது வெளியே வர வழி கிடைக்கும். அவரைத் தனியாக விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மிஞ்சியதைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். இலங்கையில் மிகக் கொடிய வகைப் பூச்சிமருந்துகளை 1995-லும் எண்டோசல்பானை 1998-லும் தடை செய்த பிறகு தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன. கைக்கு எட்டாமல் இருந்தாலே அந்த ஒரு வேகம் கடந்துபோய்விடுகிறது என்பதற்கு இது சாட்சி. அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்தடிப்பவர்களிடம் நடத்திய ஆய்வில், ஒருமுறையாவது பூச்சிமருந்து நஞ்சால் பாதிக்கப்பட்டவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்ததையும் கண்டிருக்கிறார்கள். முகக்கவசமும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிவது நரம்பையும் மனதையும் சேர்த்துக் காப்பதற்குத்தான்.

கடிதம் எழுதிய சகோதரியிடம் அன்று போனில் முதலில் கேட்டது, மருந்து டப்பா எங்கே இருக்கிறது என்றுதான். "கட்டிலுக்கடியில" என்றார். அன்றே எடுத்துத் தன் அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். நானும் அவர் கணவரிடம் பேசினேன். வலியைப் பற்றி நிறையச் சொன்னார். தூக்கம் எப்படி என்று கேட்டேன். நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, "அதை யாருமே கேக்கலைங்க" என்றார்.

மச்சானோடு போய் டாக்டரைப் பார்த்திருக்கிறார். இரண்டு வாரச் சிகிச்சையில் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது. முந்தாநாள் தோட்டத்துக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாராம். மஞ்சளில் நாலைந்து தூர் பிடுங்கிப் பார்த்ததில் கிழங்கு அழுகல்தான். மருந்து ஊற்றும் அளவை அவரே போன் போட்டுக் கேட்டார். வாய்க்கால் வடிகிறதா என்று கேட்டேன். "நாளைக்கு வெட்டிவிடறனுங்க" என்றார். நாளைக்கு என்று அவர் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்.

அந்த முன்னோடி விவசாயி இன்றும் மஞ்சள் போடுகிறார். அறுவடைக்குப் போன் வரும். யாராவது "கழுத்து வலிக்குது" என்று சொன்னால் அவர் உடனே "தூக்கம் வருதா?" என்று கேட்கிறாராம். நானும் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும் வரை வண்டியைக் கிளப்பாதீர்கள்.